தலைக்குக் கதிர்வீச்சு தரும் முன் நினைவை அளந்து வையுங்கள்

மூளைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரின் கையில் ஒரு சுருக்கக் குறிப்பைக் கொடுத்து அனுப்புகிறோம். கதிரின் அளவு எத்தனை கிரே, எத்தனை சிட்டிங், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது, வலிப்பு வராமலிருக்க என்ன மாத்திரை, ஸ்டீராய்டை எப்படிக் குறைப்பது, மறுபடி எப்போது வர வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். சிகிச்சைக்கு முன் அவருடைய நினைவாற்றல் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. திருச்சியில் கதிர்வீச்சுத் திட்டம் போட்டுத் தரும் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்கிறேன். எத்தனையோ குறிப்புகள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அந்த ஒரு வரி ஏன் வேண்டும், அதோடு சேர்த்து ஒரு நல்ல எம்.ஆர்.ஐ. படமும் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் படியவைத்து முகமூடி செய்வோம். ஆறியதும் அது முகத்தின் வடிவத்திலேயே இறுகிவிடும். அதை மாட்டி, தலை அசையாமல் சி.டி. ஸ்கேன் எடுப்போம். மருத்துவர் அந்தப் படங்களில் கட்டியையும் காப்பாற்ற வேண்டிய பகுதிகளையும் கோடு போட்டுக் காட்டுவார். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு கதிர் போக வேண்டும், ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் எவ்வளவு சேரும் என்று கணக்குப் போடுவது என் பங்கு. கண்ணுக்கு, கண் நரம்புக்கு, மூளைத்தண்டுக்கு இத்தனை கிரேக்கு மேல் போகக் கூடாது என்று எல்லைகள் உண்டு. அந்த எல்லைகளை யாரும் மீறுவதில்லை. பார்வை மங்கினால் நோயாளியே வந்து சொல்லிவிடுவார். நினைவு மங்கியவர் அப்படி வந்து சொல்ல மாட்டார்.

நுரையீரலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்றுநோய் மூளையில் பல இடங்களுக்குப் பரவிவிட்டால், பெரும்பாலும் முழு மூளைக்கும் கதிர்வீச்சு தருகிறோம். வழக்கமான அளவு 30 கிரே, 10 சிட்டிங், இரண்டு வாரம். தலைவலி குறையும், வாந்தி நிற்கும், கை கால் பலவீனம் சிலருக்கு நன்றாகவே சரியாகும். இந்தச் சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முன்பு மூளைக்குப் பரவியவர்களில் பலர் சில மாதங்களே இருந்தார்கள்; ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத் தலைகாட்டும் பின்விளைவைப் பற்றிக் கவலைப்பட அவகாசமே இருக்கவில்லை. இப்போது அப்படியில்லை. நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை போதுமானதாக இருக்கிறது. இந்தியாவில் அந்த மாற்றம் உள்ளவர்கள் கணிசமானவர்கள். ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறார்கள், பேரன் பேத்தி கல்யாணம் பார்க்கிறார்கள். வாழும் காலம் நீண்டுவிட்டதால், அந்தக் காலத்தில் மனம் எப்படி இருக்கும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

என் பெரியப்பா அப்படிப்பட்ட ஒருவர். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்காரர். சிறு வயதிலேயே நாலாயிர திவ்யப் பிரபந்தம் முழுவதையும் சந்தை சொல்லி, அதாவது ஆசான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, மனப்பாடம் செய்தவர். நம்பெருமாள் புறப்பாட்டில் முன்னால் போகும் பிரபந்த கோஷ்டியில் அவர் குரல் தனியாகக் கேட்கும். பீடி சிகரெட்டைத் தொட்டதில்லை, ஆனாலும் நுரையீரலில் வந்தது. கண்டுபிடித்தபோது மூளையில் பல இடங்களில் பரவியிருந்தது. அவசரமாகத் தொடங்க வேண்டியிருந்ததால் இரண்டு பக்கமிருந்தும் முழு மூளைக்குக் கதிர் கொடுத்தார்கள். பிறகு மாத்திரை. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் எல்லாக் கட்டிகளும் சுருங்கியிருந்தன. குடும்பம் முழுக்க ரங்கநாதருக்கு நன்றி சொன்னது. அந்த மார்கழியில் இராப்பத்துக்குக் கோஷ்டியில் போய் நின்றார். திருவாய்மொழி 1102 பாசுரம். ஒரு சொல் பிசகவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "நினைவெல்லாம் அப்படியே இருக்கு, பகவத் கிருபை."

வீட்டுக்குள் வேறு மாதிரி இருந்தது. காலையில் சாப்பிட்ட மாத்திரையைப் பத்து மணிக்கு மறுபடி கேட்பார். "கார்த்தாலயே சாப்டேளே" என்று பெரியம்மா சொன்னால், "ஆமாம், சாப்டுட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, அரை மணியில் திரும்பவும் கேட்பார். முந்தைய நாள் வந்து போன மைத்துனரை, "அவன் வந்து எத்தனை நாளாச்சு" என்பார். மாலையில் அவரிடம் சந்தைக்கு வரும் பையன்கள்தான் முதலில் புரிந்துகொண்டார்கள். நேற்று எந்தப் பதிகத்தில் நிறுத்தினோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒரு பையன் புத்தகத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு அவருக்கு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான். எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவருக்குத் தடையே இல்லை.

எங்கள் துறைக்காரர்கள் ஆராய்ச்சிகளில் பயன்படுத்தும் ஒரு சோதனை உண்டு. பன்னிரண்டு சொற்களை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இப்படி மூன்று முறை. இருபது இருபத்தைந்து நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டு, எத்தனை சொற்கள் நினைவிருக்கின்றன என்று கேட்பார்கள். அதையொட்டித் தமிழில் நானே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போய், காபிக்கு முன் வாசித்தேன். உடனே ஏழெட்டுச் சொற்கள் சொன்னார். காபி குடித்து, ஊர்க்கதை பேசி முடித்துக் கேட்டபோது சொற்கள் மட்டுமில்லை, நான் ஒரு பட்டியல் வாசித்ததே அவர் நினைவில் இல்லை. "நீ எப்போ வாசிச்சே குழந்தே?" என்று கேட்டார்.

அறுபது ஆண்டுகளாக ஓதி ஓதி ஊறிய பாசுரங்களுக்கும் இன்று காலை நடந்ததற்கும் மூளை வேறு வேறு வழிகளை வைத்திருக்கிறது. புதிதாக ஒன்றைப் பதிய வைப்பதற்கு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். இரண்டு பொட்டுக்கும் உள்ளே, ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, சுண்டுவிரல் அளவில் வளைந்து கிடக்கிறது. மூளையின் பெரும்பகுதியில் நரம்புச் செல்கள் புதிதாகப் பிறப்பதில்லை. ஹிப்போகாம்பஸில் பிறக்கின்றன என்பதை எலிகளில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். பிரிந்து பெருகும் செல்களைத்தான் கதிர்வீச்சு அதிகம் தாக்கும். புற்றுநோயை அது அழிப்பதும் அந்தக் காரணத்தால்தான். ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோஞ்சேயும் சகாக்களும் 2002-இல் எலிகளின் மூளைக்குக் கதிர் கொடுத்துப் பார்த்தபோது, புதிய நரம்புச் செல்கள் பிறப்பது ஏறக்குறைய நின்றே போனது. இதோடு, சின்ன இரத்தக் குழாய்களும், நரம்பிழைகளைச் சுற்றி உறை போடும் செல்களும் மெதுவாகக் கெடுகின்றன. அதனால்தான் இந்த மறதி உடனே வருவதில்லை.

பெரியப்பாவின் மறதிக்குக் கதிர்வீச்சுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியுமா? முடியாது. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். பரவிய கட்டிகளே நினைவைக் கெடுத்திருக்கலாம். ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, எழுபது கடந்த வயது, நோய் வந்த பயம் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். கதிர்வீச்சுக்கு முதல் நாள் அந்தப் பன்னிரண்டு சொற்களில் எத்தனை சொன்னார் என்று ஒரு எண் இருந்திருந்தால் ஒப்பிட்டிருக்கலாம். அப்போது எடுத்த எம்.ஆர்.ஐ. படம் வீட்டில் பீரோவுக்கு மேல் இருக்கிறது: பெரிய உறைக்குள் நாலைந்து ஃபிலிம்கள், 5 மில்லிமீட்டர் இடைவெளியில் எடுத்தவை. கட்டி இருக்கிறதா என்று பார்க்க அது போதும். ஹிப்போகாம்பஸ் எவ்வளவு பெரிதாக இருந்தது, இன்று எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளக்க உதவாது.

இப்படி அளந்து பார்த்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு, மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களைச் சிகிச்சைக்கு முன்னும் ஓராண்டு கழித்தும் நுட்பமான எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டது. 40 கிரேக்கு மேல் கதிர் பட்ட ஹிப்போகாம்பஸ் ஓராண்டில் சராசரியாக 6 சதவீதம் சுருங்கியிருந்தது. 10 கிரேக்கும் குறைவாகப் பட்டதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வகை ஸ்கேனைப் பயன்படுத்தினார்கள். மூளைக்குள் நீர் மூலக்கூறுகள் நரம்பிழைகளின் வழியே எந்தத் திசையில் நகர்கின்றன என்று அது காட்டும். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் எந்தக் குறையும் தெரியாத, நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருளில், சிகிச்சை முடிவதற்குள்ளேயே மாற்றம் தொடங்கிவிடுவதை அவர்கள் கண்டார்கள். மூளையிலேயே கட்டி இருப்பவரிடம் எது கட்டியால் வந்தது, எது கதிரால் வந்தது என்று பிரிப்பது கடினம். சீனாவின் குவாங்சோ நகரில் அதற்கு வேறு வழி பிடித்தார்கள். மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோய் தென்சீனத்தில் அதிகம். அதற்குக் கதிர் கொடுக்கும்போது பக்கத்திலிருக்கும் ஆரோக்கியமான மூளையிலும் கொஞ்சம் படுகிறது. அவர்களைத் தொடர்ந்து ஸ்கேன் செய்தால் கதிரின் விளைவைத் தனியாகப் பார்க்க முடிகிறது.

இந்த ஆராய்ச்சிகளோடு நிற்காமல் சிகிச்சையையே மாற்றிப் பார்த்தார்கள். முழு மூளைக்கும் 30 கிரே போகட்டும், ஆனால் இரண்டு ஹிப்போகாம்பஸையும் சுற்றி ஒரு வேலி போட்டு, அங்கே மட்டும் குறைப்போம் என்பது யோசனை. அந்தப் பகுதியில் எங்குமே 16 கிரேக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். பரவும் கட்டிகள் ஹிப்போகாம்பஸுக்கு மிக அருகில் வருவது நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவாகவே என்பதால் பெரும்பாலோருக்கு இது ஆபத்தில்லை. 518 நோயாளிகள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு 2020-இல் வெளியானது. எல்லாருக்குமே மெமண்டின் என்ற மாத்திரை தரப்பட்டது. அல்சைமர் நோயாளிகளுக்குத் தருகிற பழைய மாத்திரைதான் அது. பாதிப் பேருக்கு வழக்கமான கதிர்வீச்சு, மீதிப் பேருக்கு ஹிப்போகாம்பஸை ஒதுக்கிய கதிர்வீச்சு. ஆறாவது மாதம் நினைவுச் சோதனையில் சரிந்தவர்கள் முதல் பிரிவில் 33.3 சதவீதம், இரண்டாவது பிரிவில் 16.4 சதவீதம். உயிர் வாழ்ந்த காலத்தில் வித்தியாசமில்லை. அந்தச் சோதனையில் இருந்ததும், நான் காபிக்கு முன் வாசித்ததைப் போன்ற பன்னிரண்டு சொற்கள்தான்.

கட்டிகள் சில மட்டுமே இருந்தால் முழு மூளையையும் தொடாமல் அவற்றை மட்டும் குறிவைத்து அடிக்கலாம் என்பதும் இப்படி அளந்ததால் வந்த முடிவு. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குறிவைத்த கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்று மாதத்தில் அறிவாற்றல் சோதனையில் பின்னடைவு கண்டவர்கள் 63.5 சதவீதம், முழு மூளைக்கும் சேர்த்துப் பெற்றவர்களில் 91.7 சதவீதம்.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் கதை என்று சொல்பவர்களுக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையைக் காட்டுகிறேன். அங்கே டாக்டர் ராகேஷ் ஜலாலி தலைமையில் 2001 முதல் 2012 வரை, மூளையில் மெதுவாக வளரும் கட்டி இருந்த, 3 முதல் 25 வயது வரையிலான 200 பேரைச் சேர்த்தார்கள். எல்லாருக்கும் 54 கிரே, 30 சிட்டிங். ஒரு பிரிவுக்கு வழக்கமான கதிர்வீச்சு, மற்றதற்குக் கட்டியின் வடிவத்தை ஒட்டி நெருக்கமாகத் தரும் கதிர்வீச்சு. சிகிச்சைக்கு முன்பே ஒவ்வொருவரின் அறிவுத்திறனையும் அளந்தார்கள். பிறகு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். நெருக்கமாகக் கதிர் பெற்ற பிள்ளைகளின் அறிவுத்திறன் மேலாக இருந்தது, ஹார்மோன் கோளாறும் குறைவு. முடிவுகள் 2017-இல் வந்தன. அதற்கும் முன்பே, 2010-இல், அந்தக் குழு இன்னொன்றையும் வெளியிட்டது: இடது பொட்டு மடலில் 13 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 43.2 கிரேக்கு மேல் போன பிள்ளைகளுக்குத்தான் அறிவுத்திறன் கணிசமாகக் குறைந்தது. நான் திட்டம் போடும்போது அந்த எண்ணை இன்றும் மனதில் வைத்திருக்கிறேன். இந்தியப் பிள்ளைகளிடமிருந்து, இந்திய மருத்துவமனையில் கிடைத்த எண் அது. டாக்டர் ஜலாலி பின்னர் சென்னை தரமணியில் 2019-இல் தொடங்கிய அப்போலோ புரோட்டான் மையத்துக்கு வந்தார். புரோட்டான் கதிர் கட்டியோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் போகாது. குழந்தைகளின் மூளைக்கு அது பெரிய நன்மை. ஆனால் பெரம்பலூரிலிருந்தோ லால்குடியிலிருந்தோ வரும் குடும்பத்துக்கு அந்தச் செலவு எட்டாது. அவர்களுக்கு எட்டக்கூடியது சாதாரண இயந்திரத்தில் கவனமாகப் போட்ட திட்டம். அதற்கு நல்ல படம் வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னொரு கூட்டத்தைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையை வகுத்தன. டாக்டர் வி. சாந்தா அதில் முன்னின்றார். அதுவரை பெரும்பாலும் இறந்துபோன குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள்; எத்தனையோ குடும்பங்களில் இன்று விளக்கு எரிவது அதனால். மருந்து எட்டாத மூளையில் புற்றுச் செல்கள் ஒளிந்துகொள்ளும் என்பதால், அந்த முறையில் தலைக்கும் 18 கிரே கதிர்வீச்சு உண்டு. அன்றைய அறிவுக்கு அது சரியான முடிவு. அமெரிக்காவில் செயின்ட் ஜூட் மருத்துவமனைக்காரர்கள், பிழைத்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, அறிவுத்திறனையும் எம்.ஆர்.ஐ.யில் வெண்பொருளின் அளவையும் சேர்த்துப் பார்த்தவர்கள். 2009-இல், மருந்துகளைச் சரியாகக் கொடுத்தால் 498 குழந்தைகளில் யாருக்கும் தலைக்கு முன்கூட்டிக் கதிர் தேவைப்படவில்லை என்று காட்டினார்கள்.

அப்படித் தலைக்குக் கதிர் பெற்றுப் பிழைத்த நம்முடைய அந்தக் குழந்தைகள் இன்று முப்பது, நாற்பது வயதைக் கடந்தவர்கள். டெல்டா மாவட்டங்களிலும் இருப்பார்கள். கடை வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். சிலருக்குக் கணக்கு ஏறாமலே பள்ளி நின்றிருக்கும், ஏன் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அவர்களை அழைத்து, அவர்கள் விரும்பினால் மூளையை ஸ்கேன் செய்து, நினைவையும் கவனத்தையும் அளந்து பார்ப்பது நாம் அவர்களுக்குப் பட்ட கடன். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருக்குழந்தைகளின் மூளைகளை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் உலகத்துக்குப் பொதுவில் வைத்தது. மூளையைப் படமெடுக்கும் திறமை இங்கே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

திருச்சிக்கு வருகிறேன். தில்லைநகரில் குறுக்குத் தெருவுக்குத் தெரு மருத்துவர்களும் ஸ்கேன் மையங்களும். அங்கிருந்து எங்களிடம் வருகிறவர்கள் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் ஃபிலிம் போட்ட உறை மட்டும்தான். குறுந்தகடு கேட்டால், "அது கொடுக்கலையே" என்பார்கள், அல்லது உடைந்திருக்கும், அல்லது எங்கள் கணினியில் திறக்காது. முப்பரிமாணத்தில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் எடுத்த எம்.ஆர்.ஐ.யைத் திட்டமிடும் சி.டி. ஸ்கேனோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால்தான் ஹிப்போகாம்பஸ் எங்கே இருக்கிறது என்று என்னால் பார்க்க முடியும். சி.டி.யில் அது தனியாகத் தெரியாது. அந்த ஒரு வரிசையை எடுக்க ஸ்கேன் இயந்திரத்துக்கு ஐந்தாறு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். சீட்டில் மருத்துவர் அதை எழுதாததாலும், மையத்தில் அதைக் கேட்டு எடுக்காததாலும் நோயாளி மறுபடி ஒரு ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. பணமில்லாதவர் கட்ட மாட்டார். அவருக்கு ஹிப்போகாம்பஸை ஒதுக்கும் சிகிச்சை கிடைக்காமலே போகிறது.

என் கணவர் பெல் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே உயர் அழுத்தம் தாங்க வேண்டிய பாய்லர் குழாய்களின் வெல்டுக்கு எண் கொடுத்து, கதிர்ப்படம் எடுத்து, அந்தப் படத்தைக் கோப்பில் பாதுகாப்பார்கள். பல வருடம் கழித்து ஏதாவது நடந்தால் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். இரும்புக் குழாய்க்கு இந்த ஊர் அவ்வளவு கணக்கு வைத்துப் பழகியிருக்கிறது. மனிதருக்கும் அதையே கேட்கிறேன்.

இதற்கு எங்கள் துறையிலேயே ஒரு மறுப்பு உண்டு. "மறதி வரும் என்று சொன்னால் பயந்துபோய்ச் சிகிச்சையே வேண்டாம் என்று ஓடிவிடுவார்கள்." கவலை நியாயமானதுதான், 'கரண்ட்' என்றாலே நடுங்குகிறவர்களை நானும் தினம் பார்க்கிறேன். ஆனால் முடி கொட்டும், களைப்பு வரும் என்று இன்று சொல்கிறோம், யாரும் ஓடவில்லை. மறதியைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் என்ன நடக்கிறதென்று பாருங்கள். திரும்பத் திரும்பக் கேட்கிறவரைப் பிடிவாதக்காரர் என்கிறார்கள். அடுப்பை அணைக்க மறந்தவளை மருமகள் திட்டுகிறாள். வங்கியில் கையெழுத்துப் போட்டதை மறந்து, பணத்தை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மகன்மேல் சந்தேகம் வருகிறது. சிகிச்சையின் பின்விளைவாக இருக்கலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி வைப்பார்கள், காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஆள் நிற்பார்கள், கோபப்பட மாட்டார்கள். என் பெரியம்மா இப்போது அப்படித்தான் சமாளிக்கிறாள்.

தலைக்குக் கதிர்வீச்சு தேவைப்படுகிற யாரும் இதைப் படித்துவிட்டு அதைத் தள்ளிப்போட வேண்டாம். கட்டியைச் சும்மா விட்டால் அது நினைவோடு மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோகும். எனக்கு வேண்டியது, தரும் சிகிச்சையை அளந்து தருவது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. கதிர்வீச்சும் அதில் அடக்கம். மூளைக்கான கதிர்வீச்சு என்று எழுதும் இடத்திலேயே முன்னால் ஒரு முப்பரிமாண எம்.ஆர்.ஐ., நான்காவது மாதமும் ஓராண்டிலும் ஒவ்வொன்று, மூன்று முறையும் நினைவுச் சோதனை என்று சேர்த்து எழுதிவிட வேண்டும். தனியாக விண்ணப்பிக்கச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். படங்களைக் குறைந்தது பத்தாண்டுகள் மருத்துவமனை சேமித்து வைக்க வேண்டும். அடுத்த தலைமுறை ஆராய்ச்சியாளருக்கு அவையே மூலதனம்.

சோதனையைச் செய்ய மருத்துவர் தேவையில்லை. பிஷப் ஹீபர் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி போன்றவை சமூகப் பணியிலும் மறுவாழ்வு அறிவியலிலும் பிள்ளைகளைப் படிக்கவைத்து அனுப்புகின்றன. ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் அவர்கள் இதைச் செய்துவிடுவார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நம் நாட்டு மக்களுக்கென்றே நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. சொற்பட்டியலை மட்டும் இங்குள்ளவர்களுக்கு ஏற்றபடி கவனமாகச் செய்ய வேண்டும்: ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்தால் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் வேலை செய்யும் அம்மாவுக்குப் பாதிச் சொற்கள் அந்நியமாக இருக்கும், அவர் தடுமாறினால் அது மறதியா என்று தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாயால் கேட்டுச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பெரியப்பாவைப் போல ஓதிப் பழகியவர்களுக்குச் சற்றுக் கடினமாகவே இருக்க வேண்டும்.

அரசாணை வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டாம். ஸ்கேன் மையத்தில் ஃபிலிமோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, வீட்டுக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். முழு மூளைக்குக் கதிர்வீச்சு என்று சொன்னால், ஹிப்போகாம்பஸை ஒதுக்கித் தர முடியுமா, மெமண்டின் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் ஏன் என்று அவர் சொல்லுவார். சிகிச்சை தொடங்கும் முன் உட்கார்ந்து பேசி, அவருக்கு இப்போது எது எளிதாக நினைவிருக்கிறது, எது தடுமாறுகிறது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை ஒவ்வொரு முறை மறுபரிசோதனைக்கு வரும்போதும் கொண்டுவாருங்கள். எங்களிடம் காட்டுங்கள், நாங்கள் பார்க்காவிட்டால் பார்க்கச் சொல்லுங்கள்.